மணையில் எழுதிய பெயர்



ஜஹாங்கீர்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? அக்பர் மகன், ஷாஜஹானின் அப்பா, ஆட்சி 1605 முதல் 1627 வரை. ஒரு மார்க் கேள்வி, முடிஞ்சது! ஆனால் அவர் அரண்மனையில் 1615–1618 வாக்கில் வரைந்த ஒரு படம் இப்போது அமெரிக்காவில், வாஷிங்டன் ஃபிரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நோட்டுப் பக்கம் அளவுதான். அதற்குள் எத்தனை பேர் தெரியுமா?

பெரிய மணற்கடிகாரத்தின் மேல் ஜஹாங்கீர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த ஒளிவட்டம். கையில் உள்ள புத்தகத்தை வெள்ளைத் தாடி வைத்த ஒரு சூஃபி பெரியவருக்குக் கொடுக்கிறார். அவருக்குக் கீழே துருக்கி சுல்தான், கை குவித்தபடி. அதற்கும் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். (அவர் இந்தியா பக்கமே வந்ததில்லை. ஐரோப்பிய ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தது!) ராஜாக்களைவிட ஞானி பெரியவர் என்பதுதான் படத்தின் கருத்து என்பார்கள். சரிதான்.

ஆனால் நீங்க பார்க்க வேண்டியது இடது மூலையில் கடைசியாக நிற்கிற ஆளை. மஞ்சள் அங்கி, சிவப்புத் தலைப்பாகை. அவர்தான் பிசித்ர், இந்தப் படத்தை வரைந்தவர். கையில் ஒரு குட்டிப் படம். அதில் இரண்டு குதிரை, ஒரு யானை, குனிந்து வணங்கும் ஒருவர். தன் பெயரை எங்கே எழுதினார் தெரியுமா? அரசர் கால் வைத்து ஏறும் மணையில்!

இது பணிவுன்னு சொல்றாங்க. எனக்குப் பாதிதான் சம்மதம். வெறும் பணிவுன்னா சுல்தான், மன்னர் நிற்கிற வரிசையில் தன் முகத்தையும் எதுக்கு வைக்கணும்? ஜஹாங்கீரும் அழிக்கச் சொல்லலையே! ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் வரைந்திருந்தால்கூட யார் கை என்று கண்டுபிடிப்பேன் என எழுதி வைத்தவர் அவர். அக்பர் காலத்திலேயே கோடு போட்டவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று ஏட்டின் ஓரத்தில் குறித்து வைத்தார்கள்.

இப்போ நம்ம சுவரிதழைப் பாருங்க. கட்டுரை எழுதுற எங்களுக்குப் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் உண்டு. ஓரத்தில் பூக்கொடி போட்டது யாரு? தலைப்பை அழகா எழுதினது யாரு? போன தடவை வந்த மயில் படத்தை எல்லாரும் முண்டியடிச்சுப் பார்த்தோம். வரைஞ்சவன் கூட்டத்துக்குப் பின்னாடி சும்மா நின்னுட்டிருந்தான்.

அடுத்த இதழிலிருந்து படத்துக்குக் கீழேயும் பெயர் போடுமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் பத்தலைன்னா என் பெயரைச் சின்னதா எழுதிக்கிறேன்.