ஆஸ்பத்திரித் துண்டு யாருடைய பொறுப்பு?

அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்து வருபவர் இந்நாட்டில் பணம் கட்ட வேண்டியதில்லை. இது பெருமைப்படத்தக்க ஏற்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், மலையகத் தோட்டத் தொழிலாளியிடமிருந்து வேறொரு கட்டணம் வாங்கப்படுகிறது. அதன் பெயர் கடதாசி!

டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ சிகிச்சை முடிந்து வெளியேறுபவர் கையில் நோய் நிர்ணய அட்டை ஒன்று கொடுக்கப்படுகிறது. தொழிலாளர் வாயில் அது ‘துண்டு’. நட்டஈடு கேட்டாலும், சுகவீன நாட்களுக்குக் கணக்குச் சொன்னாலும், தோட்டக் காரியாலயத்தின் முதற் கேள்வி, “துண்டு எங்கே?” என்பதே.

துண்டில் என்ன இருக்கிறது? கொழுந்து மலையில் குளவி கொட்டி வீழ்ந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். மலையகத்தில் இது அரிய சம்பவமன்று, உயிர்களும் போயிருக்கின்றன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்திருக்க வேண்டும். துண்டிலோ ‘குளவிக் கொட்டு’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லாமற் போகலாம். எந்த மலையில், எத்தனை மணிக்கு, யாருடைய வேலையில் என்று அது பேசாது. வைத்தியரை நாம் குறை கூறவில்லை. நஞ்சை இறக்குவது அவர் கடமை. வழக்குக்குச் சாட்சியம் திரட்டுவது அவர் கடமையன்று. அப்படியானால் அது யாருடைய கடமை? படுக்கையிற் கிடந்தவளுடையதா?

பிரசவ சகாயத்தின் கதையும் இதுவே. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், அறிவித்தலுக்கு முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நாட்களைக் காட்டும் செக்ரோல் யார் கையில் இருக்கிறது? லயத்தில் அல்ல, காரியாலயத்து அலுமாரியில்! பூட்டிய அலுமாரியின் சாவியைத் தானே வைத்துக்கொண்டு, உள்ளிருப்பதை நீ நிரூபி என்பது நீதியா?

“ஆவணமின்றிப் பணம் கொடுத்தால் மோசடி பெருகாதா?” என்பர் தோட்ட நிர்வாகத்தினர். ஆவணமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைத் தர வேண்டியவர் யார் என்றே கேட்கிறோம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 106ஆம் பிரிவில், ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த விடயத்தை நிரூபிக்கும் சுமை அவரையே சாரும் என்கிறது. நூறாண்டுக்கு முன்பே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு வைத்திய உதவி தேடிக்கொடுக்கும் கடமையைத் துரைமீது சுமத்தியது. வெள்ளைக்காரன் ஆட்சியில் துரையின் தோளில் இருந்த சுமை, இன்று கூடை சுமப்பவளின் தலைக்கு மாறியது எவ்வாறு?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துண்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. படிவங்கள் பலவேளை சிங்களத்தில் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் அரசாங்க அலுவலரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவது எப்போது?

நாம் கேட்பவை மூன்றே. வேலைத்தள விபத்தென்று வருபவரின் கூற்றை, இடமும் நேரமும் குறித்து, அனுமதிக்கும்போதே பதிந்து துண்டிலும் எழுதுக. விபத்து நடந்த அன்றே தோட்டக் காரியாலயம் குறிப்பெழுதி, செக்ரோல் பிரதியோடு தொழிலாளிக்குக் கொடுக்குக. நோயின் பெயர், ஓய்வு நாட்கள், மீண்டும் வரவேண்டிய தேதி ஆகியவற்றைத் தமிழிலும் தருக.

இவற்றுக்குக் கோடி ரூபாய் வேண்டாம். பேனாவும் மனமும் போதும். அதுவரை தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் வாளாவிருக்கலாகாது. விபத்து நேர்ந்த அன்றே எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். பிரதியிற் கையொப்பம் வாங்குங்கள். துண்டைப் படியெடுத்துச் சங்கத்தில் வையுங்கள். சலுகை கேட்டு நாம் காரியாலய வாசலில் நிற்கவில்லை. சட்டம் கொடுத்ததைக் கடதாசி பறிக்கலாகாது என்றே சொல்கிறோம்!