என்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்கு வீட்டில் தனி மரியாதை. மிக்ஸி ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் இரண்டாம் வருட லீவில் என் தாய்மாமா கூப்பிட்டார். "மாப்ள, பழைய அம்பாசடர் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. நீ படிக்கிற பய, வந்து பாத்துச் சொல்லு."

போனேன். வெள்ளை பெயின்ட் பளபளவென்று மின்னியது. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. ஒர்க்‌ஷாப்பில் சார் செய்வது போலக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்ல கண்டிஷன் மாமா" என்று தலையாட்டினேன். சீட்டுப் பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். முதல் மழையிலேயே காலடியில் தண்ணீர் நின்றது. நாகமலை புதுக்கோட்டையில் டிங்கரிங் பார்க்கும் அண்ணன் மேட்டைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். ஓட்டை வழியாகத் தேனி ரோடு தெரிந்தது. "தம்பி, என்ஜின் ராஜா மாதிரி இருக்கு. ராஜா உக்காரத்தான் வீடு இல்ல" என்றார்.

நண்பர்களே, நாம் செய்கிற தப்பே இதுதான். படித்தது என்ஜின் என்பதால் பானெட்டைத் திறந்ததும் அதிலேயே நின்றுவிடுகிறோம். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. தேய்ந்த என்ஜினை ரீபோர் செய்யலாம், வேறு என்ஜினே மாற்றலாம். தரையும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பும் துருப்பிடித்துப் போனால் செலவுக்கு எல்லையே இல்லை. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. கான்டஸா அதற்கும் முன்பே, 2002-ல். ஆகவே இன்று விலைக்கு வரும் எந்த வண்டியும் பத்து மழைக்காலத்துக்கு மேல் பார்த்ததுதான். மேட்டைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள், வண்டிக்கு அடியில் படுங்கள். சட்டை அழுக்கானால் ஆகட்டும். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவடியில் வைத்தால், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் பென்சில் அச்சு எடுத்து ஒப்பிட வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் என்ஜின் மாட்டியது நம் பக்கம் சகஜம், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? சொந்த உபயோக வண்டி என்றால் 15 வருடம் முடிந்து புதுப்பித்திருக்கிறார்களா? விற்கிற ஆளும் ஆர்.சி.யில் உள்ள ஆளும் ஒருவர்தானா? கையெழுத்து மட்டும் போட்ட வெற்று 29, 30 படிவங்களோடு நாலு கை மாறிய வண்டிகள் உண்டு. பெயர் மாற்றாமல் விட்டால், விபத்து நஷ்டஈடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் விற்கிறவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடிவருவார்!

மீட்டரை நம்பாதீர்கள். பழைய மீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்ஜியம். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் உண்மை தெரியும். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் என்ஜின். அதுவும் ஆறிப்போன என்ஜின். நாம் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறிய ரேடியேட்டரைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் ஓட்டிப் பார்க்க நம் தேனி ரோடு இருக்கவே இருக்கிறது.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது அவருடைய சிநேகிதர் ஒருவருக்கு கான்டஸா பார்க்க வேண்டுமாம், மறுபடியும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வருகிறோம், அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.