செக்ரோலில் பேர் இருந்தது, ஊர் இருக்கவில்லை

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இருநூறு ஆண்டுகளாக நமது பெயர்கள் எழுதப்பட்டது பெரும்பாலும் இந்தக் கணக்குக்காகத்தான். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. அதனால்தான் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், நம் பிள்ளைகளின் பென்சில் பாட்டன் பாட்டியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சிலர் 'திருச்சிப் பக்கம்' என்று எழுதுகிறார்கள். பலர் 'இந்தியா' என்று மட்டும் எழுதுகிறார்கள்.

இப்போது நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியிலேயே முன்னோரைத் தேடலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் சபை நடத்தும் ஃபமிலிசேர்ச் இதில் பெரியது. காசு கேட்பதில்லை. அந்தச் சபையினர் 1894இல் இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1938 முதல் பல நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படச்சுருளில் பதிவு செய்தார்கள். மலையைக் குடைந்து கட்டிய பாதுகாப்பறையில் சுமார் 24 இலட்சம் சுருள்களைச் சேர்த்தார்கள். மாண்டுபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே இத்தனை உழைப்புக்கும் காரணம். அதைத் தெரிந்துகொண்டு, நம் வீட்டுப் பெயர்களைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவரவர் குடும்பத்தில் பேசி முடிவெடுப்பது நல்லது.

ஆனால் அங்கே தேடினால் யார் கிடைப்பார்கள்? இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துக் கோயில் பதிவேடுகள் அங்கே ஏராளம். ஆகவே தோட்டத்தைத் திறந்த துரையின் பாட்டனைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் தோட்டத்தில் காடு வெட்டியவரின் பாட்டனைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பதிவேடு எழுதப்பட்ட இடத்தில்தான் படம் பிடிக்க முடியும். எழுதாத பெயரை எந்த இயந்திரமும் தேடித் தராது.

நம்மைப் போலவே சென்னை மாகாணத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன இந்தியத் தொழிலாளர் 152,184 பேர். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினார்கள். அது அன்பினால் அல்ல. அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது, கணக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலைக் கொண்டு இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்கள் ஊரைத் தேடிப் போகிறார்கள்.

நம்மை இலங்கைக்குக் கட்டி வந்தவர் கங்காணி. முன்பணம் அவர் கையில், கடன் நம் தலையில். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தபோது பாதையிலேயே மாண்டவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. 1900களின் ஆரம்பத்தில் தகரத் துண்டு வந்தது. அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் எந்தத் தோட்டத்து ஆள் என்று காட்டின. எந்தத் தாயின் பிள்ளை என்று காட்டவில்லை.

பின்னர் அதே அரசு நம்மிடமே தாள் கேட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், திருமணமானவராயின் ஏழு ஆண்டும் மற்றவராயின் பத்து ஆண்டும் இங்கு தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்குபோட்டது. நம்மை எழுதி வைக்காதவர்கள், எழுத்து இல்லை என்று சொல்லியே நம்மைத் தள்ளினார்கள்.

ஆகவே இது ஆசைக்குச் செய்யும் வேலை அல்ல. தாள் இல்லாத மக்களுக்கு என்ன நடக்கும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். காணி உறுதிக்காக நாளை நாம் போய் நிற்கும்போதும் இதே கேள்வி வரும்.

எஞ்சியிருப்பவை இன்னும் உண்டு. தோட்டக் காரியாலயங்களின் பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவுகள், மருந்தகப் புத்தகங்கள், கோயில்களின் ஞானஸ்நான ஏடுகள். வீடுகளில் பழைய கடவுச்சீட்டு, குடியுரிமைக் கடிதம், இந்தியா போன உறவினரின் குடும்ப அட்டை. 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் கம்பனிகள் வந்தபோதும் நிர்வாகம் கை மாறியது. இனியொரு மாற்றத்துக்கு முன் இந்த ஏடுகளை எரிக்காமல், பழைய கடதாசிக்கு விற்காமல், தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். கம்பனிகளோடு பேசும் மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும் என்பது எமது கோரிக்கை.

நம் பங்குக்கு, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்கட்டும். மாதர் தலைவியும் படித்த பிள்ளைகள் இருவரும் லயம் லயமாகப் போய், மூத்தவர்களிடம் கேட்டு எழுதட்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், பதிவிலுள்ள பெயர், தாய் தகப்பன் பெயர், கேள்விப்பட்ட ஊர், குலதெய்வத்தின் பெயர், முதலில் வந்து இறங்கிய தோட்டம், கூட்டி வந்த கங்காணி. தோட்டத்துக்கு நாம் சொல்லும் தமிழ்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். பின்னால் தேடுபவருக்கு இரண்டும் வேண்டும். ஊரின் பெயர் மறந்த குடும்பத்துக்கும் குலதெய்வம் வழிகாட்டக்கூடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். அந்தக் கொப்பியில் சாதி என்ற பத்தி வேண்டாம். வேரைத் தேடிப் போய்ச் சாதியைத் தூக்கி வந்தால், ஒரே லயத்தில், ஒரே சங்கத்தில் சேர்ந்து நின்று பெற்ற ஒற்றுமையைத்தான் இழப்போம்.

எண்பது வயதுத் தாய்மார் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் தம் தாயிடம் கேட்ட பெயர்களுக்கு வேறு பதிவேடு இல்லை. வருகிற போயா தினத்திலேயே தொடங்குங்கள், தோழர்களே.