தாய்க் குரலும் சேய்க் குரலும்



அரபியில் 'அஸதுல் பஹ்ர்' என்பார்கள், தமிழில் கடற்சிங்கம். பெயரில்தான் சிங்கம். கலிஃபோர்னியாக் கடற்சிங்கம் எழுப்பும் சத்தமோ நாய்க் குரைப்பைப் போன்றது. வெளியே தெரியும் சிறு காது மடல் இதற்கு உண்டு. பின் துடுப்புகளை முன்னே மடக்கித் தரையில் நடக்கவும் செய்யும்.

கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள ஸான் மிகுவேல் தீவில் ஜூன் மாதமளவில் ஆயிரக்கணக்கான குட்டிகள் பிறக்கின்றன. ஈன்ற தாய் ஏறத்தாழ ஒரு வாரம் குட்டியை விட்டு அகலாது. பின்னர் சாளை, நெத்தலி, கணவாய் என்று தன் ரிஸ்க்கைத் தேடிக் கடலுக்குள் போகும். இரண்டு மூன்று நாட்களில் திரும்பி, ஓரிரு நாட்கள் பாலூட்டிவிட்டு மறுபடியும் போகும்.

திரும்பி வரும் வேளையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கரை நிறைய ஒரே தோற்றமுள்ள குட்டிகள், காதைப் பிளக்கும் இரைச்சல். தாய் கரையேறிக் குரல் கொடுக்கிறது. அத்தனைக்குள்ளும் அதன் குட்டி பதில் கொடுக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்! பிறந்த நேரம் முதல் இரண்டும் மாறி மாறிக் கத்தி ஒன்றின் குரலை மற்றது பழகிக்கொண்டதன் பலன் இது. ஆனாலும் தாய் குரலை மாத்திரம் நம்பிவிடுவதில்லை. முகர்ந்து உறுதி செய்த பிறகே பால் கொடுக்கும். வேற்றுக் குட்டி அண்டினால் பெரும்பாலும் கடித்து விரட்டும். தகப்பனோ 350 கிலோ வரை பருத்த உடலோடு தன் இடத்தைக் காப்பதிலேயே வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும்; குட்டிக்கு ஊட்டுவது அதன் வேலையல்ல. ஆகவே தாய் வரத் தாமதித்தால் குட்டிக்கு வேறு நாதியில்லை.

2013 முதல் 2016 வரை நடந்தது அதுதான். தீவுகளை அண்டிய கடலில் தாய்களுக்கு வேண்டிய மீன் குறைந்தது. இடையில் கடல் நீரும் வழமைக்கு மாறாகச் சூடேறியது. தாய்கள் அதிக தூரம் போக வேண்டியதாயிற்று. மடியில் பால் வற்றியது. பிழைப்புக்காகப் பிள்ளையைப் பிரிந்து போன உம்மாவைக் கல் நெஞ்சுக்காரி என்று ஏசும் நாவுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நிறுத்தி வாசிக்கட்டும்.

பசி தாங்காத குட்டிகள் தாமே கடலில் இறங்கின. 2015ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மாத்திரம் 3,000க்கும் அதிகமானவை எலும்பும் தோலுமாகக் கலிஃபோர்னியாக் கரையில் ஒதுங்கின. மீட்பு நிலையங்களில் அரைத்த மீனைக் குழாய் வழியே ஊட்டினார்கள். பல குட்டிகள் இறந்தன. முழு மீனைத் தாமாகவே விழுங்கப் பழகி உடம்பு தேறியவற்றைக் கூட்டில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள்.