கைவினைக் கலைஞர்களுக்கு ஆன்லைன் சந்தை தொடங்கப் போறீங்களா? எட்ஸி கதையைக் கொஞ்சம் கேளுங்க!

ஸ்டார்ட்-அப் மேடைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஐடியா ஒன்று உண்டு. தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்பவரையும், பெங்களூரு ஃப்ளாட்டில் அதைத் தேடிக்கொண்டிருப்பவரையும் நேரடியாக இணைக்கும் ஒரு ஆப். நடுவில் இடைத்தரகரே கிடையாது, முழுப் பணமும் கலைஞருக்கு! கேட்க நல்லாத்தான் இருக்கு. கைதட்டலும் கிடைக்கும். ஆனால், அந்த ஆப்தான் புது இடைத்தரகர் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இடைத்தரகராக இருப்பது தப்பில்லை. எப்படிப்பட்ட இடைத்தரகர் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு 20 வருட அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் எட்ஸி.

நல்லவராத்தான் ஆரம்பிச்சாங்க

2005 ஜூன் மாதம், நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கப்பட்டது எட்ஸி. நிறுவனர்களில் ஒருவரான ராப் கலின் மரவேலை செய்பவர். தான் செய்த பொருளை விற்க ஆன்லைனில் சரியான இடம் இல்லையே என்ற கடுப்பில் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய சைட் அது. விதி ரொம்ப சிம்பிள். நீங்களே கையால் செய்த பொருள், 20 வருடத்துக்கு மேல் பழைய பொருள், கைவினைக்குத் தேவையான மூலப்பொருள். இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் விற்கக் கூடாது.

பின்னல், மண்பாண்டம், நகை, ஓவியம் என வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தவர்கள் குவிந்தார்கள். 2012-ல் சமூகப் பொறுப்புள்ள நிறுவனம் என்பதற்கான 'பி கார்ப்' சான்றிதழ்கூட வாங்கியது. 2015 ஏப்ரலில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. கதை திரும்பியது அங்கேதான். பங்கு வாங்கியவர்களுக்கு வளர்ச்சி வேண்டும். காலாண்டுக்கு காலாண்டு வேண்டும். 2017-ல் முதலீட்டாளர்களின் நெருக்கடிக்கு நடுவே சிஇஓ மாற்றப்பட்டார், ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள், பி கார்ப் சான்றிதழும் கைவிடப்பட்டது.

யாரும் வில்லன் இல்லை. கம்பெனியின் முதலாளி மாறினால் யாருக்காக ஓடுகிறது என்பதும் மாறும், அவ்வளவுதான்.

30 டாலர் பொருளில் கைக்கு எவ்வளவு வரும்?

எட்ஸியின் விற்பனைக் கமிஷன் முதலில் 3.5 சதவீதம். 2018-ல் 5 சதவீதமானது. அதோடு, அனுப்பும் செலவுக்கும் கமிஷன் போடத் தொடங்கினார்கள். 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 சதவீதம்.

'6.5 தானே, என்ன பெரிசா?' என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒருவர் 30 டாலருக்கு மண் கோப்பை விற்கிறார், கூரியருக்கு 5 டாலர். மொத்தம் 35. இதில் 6.5 சதவீதக் கமிஷன் 2.28 டாலர். கார்டு பேமென்ட்டுக்கு 3 சதவீதமும் 25 சென்ட்டும், அதாவது 1.30. பொருளைப் பட்டியலிட 20 சென்ட். இதுவரை 3.78 டாலர்.

இன்னும் முடியலை. 2020 முதல் எட்ஸி தானாகவே கூகுள், ஃபேஸ்புக் போன்ற இடங்களில் விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் பொருளை வாங்கினால் சின்ன விற்பனையாளரிடம் 15 சதவீதம் பிடிக்கும். நம் கோப்பைக்கு அது 5.25 டாலர். ஆக, மொத்தப் பிடித்தம் 9.03. கூரியருக்கான 5 டாலரைக் கொடுத்தபின் கையில் நிற்பது சுமார் 21 டாலர். களிமண், சூளை, அட்டைப்பெட்டி, அவருடைய நேரம் எல்லாம் இதற்குள்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வருடத்துக்கு 10,000 டாலருக்குக் கீழே விற்பவர் 'எனக்கு இந்த விளம்பரம் வேண்டாம்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த எல்லையை ஒருமுறை தாண்டிவிட்டால் கட்டணம் 12 சதவீதமாகக் குறையும், ஆனால் அதன்பிறகு வேண்டாம் என்று சொல்லவே முடியாது. நன்றாக விற்றதற்குக் கிடைக்கும் பரிசு!

6.5 சதவீதம் அமலுக்கு வந்த அதே நாளில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தங்கள் ஆன்லைன் கடைகளை ஒரு வாரம் மூடினார்கள். 'லீவு' என்று போர்டு மாட்டி ஒரு வேலைநிறுத்தம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் எட்ஸி குழுமத் தளங்களில் மொத்தம் 1,350 கோடி டாலருக்கு வியாபாரம் நடந்திருந்தது. நஷ்டத்தில் இருக்கும் கம்பெனி அல்ல அது. வேலைநிறுத்தம் செய்திகளில் வந்தது, கட்டணம் குறையவில்லை.

'கையால் செய்தது' என்றால் என்ன?

கமிஷனைவிடப் பெரிய தலைவலி இதுதான். இதை யோசிக்காமல் ஆப் கட்டினால் ரெண்டு வருஷத்தில் அது இன்னொரு மலிவு விலைக் கடையாகிவிடும்.

ஒருவர் மாதம் 20 நெக்லஸ் செய்கிறார். டிமாண்ட் கூடி 200 வேண்டும் என்கிறார்கள். உதவிக்கு இரண்டு பேரை வைத்தால் அது கைவினையா? டிசைனை மட்டும் வரைந்து தொழிற்சாலையில் கொடுத்தால்? 2013-ல் எட்ஸி இதற்கு 'சரி' சொன்னது. வெளி உற்பத்தியாளரை வைத்துக்கொள்ளலாம், வெளிப்படையாகச் சொன்னால் போதும் என்றது. வளர நினைத்த உண்மையான கலைஞர்களுக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால், மொத்தமாக வாங்கி லேபிள் மாற்றி விற்பவர்களும் அதே கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்கள் என்பது பழைய விற்பனையாளர்களின் தீராத புகார். 2024-ல் 'செய்தவர்', 'வடிவமைத்தவர்', 'தேர்ந்தெடுத்தவர்' என்று பொருள்களுக்கு அடையாளம் போடத் தொடங்கியது எட்ஸி. பதினோரு வருடம் கழித்து!

இந்த வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். அல்காரிதம் வேண்டாம். பட்டறைக்கு நேரில் போய்ப் பார்க்கும் ஒரு ஆள் போதும். 10,000 விற்பனையாளர்களை வைத்துக்கொண்டு அது முடியாது, 60 பேர் இருந்தால் முடியும். அதனால்தான் 'முதல் வருடமே ஒரு லட்சம் கலைஞர்கள்' என்ற இலக்கைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

சாவி யார் கையில்?

ஜெர்மனியில் டவாண்டா என்று ஒரு தளம் இருந்தது. 2006-ல் பெர்லினில் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் மூடிவிட்டு, விற்பனையாளர்களை எட்ஸிக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருடம் சேர்த்த ரிவ்யூ, தேடி வந்த வாடிக்கையாளர் எல்லாம் வேறொருவர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருள் மாதிரி ஆனது.

எட்ஸி வேலைநிறுத்தத்தில் இருந்த சிலர் வேறு வழி தேடினார்கள். 2023 அக்டோபரில் 'ஆர்டிசன்ஸ் கோஆபரேட்டிவ்' என்ற சந்தையைத் திறந்தார்கள். விற்பவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே உரிமையாளர்கள். எட்ஸியோடு ஒப்பிட்டால் பொடிசு. வாங்குபவர்களை இழுத்துவர விளம்பரத்துக்குப் பணம் வேண்டும், கூட்டுறவு என்றால் வென்ச்சர் முதலீடு வராது. இது நிஜமான பலவீனம், மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கூட்டுறவு நம்ம ஊருக்குப் புதுசா என்ன? நெசவாளர் சங்கங்களுக்காகக் கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே வந்துவிட்டது. முழுக் கூட்டுறவு முடியாது என்பவர்கள் குறைந்தபட்சம் இரண்டு விஷயங்களைச் செய்யலாம். விற்பவர்களின் ஓட்டு இல்லாமல் கமிஷனை உயர்த்த முடியாது என்று நிறுவன விதியிலேயே எழுதி வைக்கலாம். வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவருடைய தொடர்பு விவரத்தைக் கலைஞரும் வைத்துக்கொள்ள விடலாம். இரண்டாவதைச் சொன்னால் முதலீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தஞ்சாவூர் டு பெங்களூரு: ஒரு சின்ன சிக்கல்

மேடையில் சொன்ன அந்த ஆப்புக்கு வருவோம். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் ஆன்லைன் சந்தைகளில் பொருள் விற்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆனால், சொந்த மாநிலத்துக்குள் மட்டும். பதிவு இல்லாத பொம்மைக் கலைஞர் ஆப் வழியாகச் சென்னைக்கு விற்கலாம், பெங்களூருக்கு விற்கக் கூடாது. அதே கலைஞர், சலுகைப் பட்டியலில் உள்ள கைவினைப் பொருளை ஆப் இல்லாமல் நேரடியாக வெளிமாநிலத்துக்கு விற்றால், பான் எண்ணும் இ-வே பில்லும் வைத்துக்கொண்டு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவில்லாமலே விற்கலாம். ஆக, 'நாடு முழுக்க சந்தை' என்று வாக்குக் கொடுப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, கலைஞர்களுக்கு ஜிஎஸ்டி பதிவும் மாதாந்திரக் கணக்கும் பார்த்துத் தர ஒரு ஆளைப் போடுவது.

அடுத்து ரிட்டர்ன். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப்புல்லில் நெய்யும் கல்யாணப் பாய்களில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். மெல்லிய இழைப் பாய் என்றால் வாரக்கணக்கில் வேலை. 'ஏழு நாளில் ரிட்டர்ன், கேள்வியே கேட்க மாட்டோம்' என்ற செருப்புக்கடை பாலிசியை இதில் ஒட்டினால் என்ன ஆகும்? திரும்பி வரும் அந்தப் பாயை வேறு யாருக்கு விற்பது?

பணம் வரும் நேரமும் அப்படித்தான். பல சந்தைகளில் பொருள் போய்ச் சேர்ந்து, ரிட்டர்ன் காலமும் முடிந்த பிறகுதான் விற்றவருக்குப் பணம் வரும். குடோனில் ஸ்டாக் வைத்திருக்கும் வியாபாரிக்கு அது ஓகே. ஆர்டர் வந்தபிறகு கோரைப்புல் வாங்கி, சாயம் ஏற்றி, தறியில் உட்காரும் பெண்ணுக்கு அது இரண்டு மாதக் கடன். அந்தக் கடனை அடைக்க அவர் உள்ளூர் வியாபாரியிடம்தான் போவார். அடுத்த பாயும் அவருக்கே போகும். இதைத் தவிர்க்க, ஆர்டர் உறுதியான அன்றே பாதி விலையை ஆப் முன்பணமாக அனுப்ப வேண்டும். அந்த முன்பணத்துக்கான நிதியைத்தான் விளம்பர பட்ஜெட்டுக்கு முன்னால் ஒதுக்க வேண்டும்.