ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

எங்கள் மாடிப் போர்ஷன் இளைஞர் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, புதுசுகளுக்குள் முதல் சண்டை வந்த பிறகு, பளபள அட்டையோடு ஒரு கனத்த புத்தகம் வீடு தேடி வருமே... அதில் மாப்பிள்ளை தாமரைப் பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பது இவருடைய கைங்கரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றார்.

"சார், லினக்ஸ் போடணும். டூயல் பூட்டா, விர்ச்சுவல் மெஷினா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் ஆளாக இருந்தால் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன்?

விஷயம் இதுதான். அவருக்கு சினிமா கிராஃபிக்ஸ் கம்பெனியில் சேர ஆசை. அந்தத் தொழிலில் பெரிய ஸ்டூடியோக்கள் பலவற்றில் ஓடுவது லினக்ஸ். மாயா, ஹௌடினி, நியூக் மூன்றும் அதில் கிடைக்கும். இன்டர்வியூவில் "லினக்ஸ் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "பார்த்திருக்கேன் சார்" என்றிருக்கிறார். கற்றுக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவரை சோறு போட வேண்டியது ஃபோட்டோஷாப். அதற்கோ லினக்ஸ் பதிப்பே கிடையாது. இருப்பது ஒரே லேப்டாப், அதற்கும் பதினோரு தவணை பாக்கி.

டூயல் பூட் என்பது ஒரு வீட்டில் இருவர் ஷிஃப்ட் போட்டுக் குடியிருப்பது. விண்டோஸ் உள்ளே இருந்தால் லினக்ஸ் தெருவில். உள்ளே இருப்பவருக்கு அடுக்களை, கிணற்றடி, கிரைண்டர் அத்தனையும் சொந்தம். ஆள் மாற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மெஷினை அணைத்து மறுபடி கிளப்ப வேண்டும்.

விர்ச்சுவல் மெஷின் ஒட்டுக்குடித்தனம். விண்டோஸ் வீட்டுக்காரர், அவர் ஒதுக்கிய ஓர் அறைக்குள் லினக்ஸ், அதுதான் முழு வீடு என்று நம்பிக்கொண்டு வாழும். இந்த ஏமாற்று வேலையை ஐபிஎம் 1972லேயே தன் பெரிய மெயின்ஃபிரேம்களில் விற்றது. சாதாரண பி.சி.க்கு விஎம்வேர் 1999ல் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும் என்பதுதான் சௌகரியம். கட்டளைகள் பழக, புரோகிராம் எழுத, எதையாவது கெடுத்துவிட்டுத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர, இதற்கு இணை கிடையாது.

சிக்கல் கிரைண்டரில் வருகிறது. அதாவது கிராஃபிக்ஸ் கார்டில்.

ஒட்டுக்குடித்தனக்காரருக்குக் கிரைண்டரைத் தொட அனுமதியில்லை. அதைப் போன்ற ஒரு பொம்மையைத்தான் கொடுப்பார்கள். அவர் பொம்மையில் அரிசியைப் போட்டதும், வீட்டுக்காரர் அதை வாங்கிப்போய் நிஜக் கிரைண்டரில் அரைத்து மாவைக் கொண்டுவந்து தருவார். இட்லிக்குச் சரி. கல்யாணச் சமையலுக்கு?

நம்மவர் கார்டில் 6 ஜி.பி. மெமரி. விர்ச்சுவல்பாக்ஸில் வீடியோ மெமரி என்று ஒரு பட்டை இருக்கும். இழுத்துக்கொண்டே போனால் வழக்கமாக 128 எம்.பி.யில் முட்டிக்கொண்டு நிற்கும். பிளெண்டர் 2023ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஓப்பன்ஜிஎல் 4.3 இல்லாமல் வாசல்படி ஏறாது. விஎம்வேரின் 17ஆம் பதிப்பு அதைக் கொடுக்கிறது. 2024லிருந்து இலவசமும்கூட. போட்டுப் பார்த்தோம். பிளெண்டர் திறந்தது. இளைஞர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். ஆனால் ரெண்டர் பண்ண கார்டைத் தேடினால், கார்டு என்ற பேச்சே இல்லை. என்விடியாவின் கூடா பொம்மைக் கிரைண்டரில் ஓடாது. எல்லா வேலையும் பிராஸஸர் தலையில். காப்பி குடித்து, பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்து, நிமிர்ந்து பார்த்தால் படத்தில் கால்வாசி வந்திருந்தது. ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது.

கார்டையே பெயர்த்து ஒட்டுக்குடித்தனத்துக்குக் கொடுக்க ஒரு வழி உண்டு. பாஸ்த்ரூ என்று பெயர். வீட்டுக்காரருக்கு வேறொரு கார்டு வேண்டும், மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் பொறுமைசாலிகள் செய்கிறார்கள். லேப்டாப் பலவற்றில் திரையின் கனெக்‌ஷன் இன்னொரு சிப் வழியாகப் போவதால் தலைவலிதான். தவணை பாக்கி உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

"அப்ப டூயல் பூட்டே போட்டுடலாம் சார். டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு..."

"இருப்பா. பேக்கப் இருக்கா?"

"இருக்கு சார். டி டிரைவ்ல."

சி, டி இரண்டும் ஒரே டிஸ்க். ஒரே பாத்திரத்தில் நடுவே தட்டி வைத்ததுபோல. பார்ட்டிஷன் மாற்றும்போது கரண்ட் போனால் சாம்பாரும் ரசமும் ஒன்றாகும். உள்ளே மாம்பலத்துக் கல்யாணம் ஒன்று, இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டோ. தாலி கட்டுவதை ரீடேக் எடுக்க முடியாது.

கடைசியில் இரண்டு காரியம் செய்தோம். போட்டோக்களை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்குக் காலி இடம் இருந்தது. லினக்ஸுக்கு அதில் தனி வீடு. விண்டோஸின் பக்கமே போகவில்லை. பிட்லாக்கரின் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டோம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தோம்; இல்லாவிட்டால் அது முழுக்கத் தூங்காமல் ஒரு கண்ணைத் திறந்துவைத்திருக்கும், லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுத மறுக்கும். தனி வீடு என்றாலும் நிம்மதி முழுசாக இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், டூயல் பூட் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் கதவையே சாத்திவிட்டது.

ரெண்டர் இப்போது பறக்கிறது. ஆல்பம் விண்டோஸில், ஆசை லினக்ஸில்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். விண்டோஸ் மெஷினின் உள் கடிகாரத்தை நம் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகும்; இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளவும் செய்யும். போன வாரம் ஒரு நாள் வைஃபை படுத்திருந்தது. இளைஞர் ராத்திரி முழுக்க லினக்ஸில் உழைத்துவிட்டு, ஜன்னல் சாத்திய அறையில் கண்ணயர்ந்து, எழுந்து விண்டோஸைக் கிளப்பியிருக்கிறார். மணி 6.10 என்று காட்டியது. இன்னும் கொஞ்சம் தூங்கலாமே என்று படுத்துவிட்டார்.

நிஜ மணி 11.40. மாம்பலத்துப் பெண்ணின் அப்பா ஆல்பம் கேட்டு வந்து, என் வீட்டு ஊஞ்சலில் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூ வருகிற வியாழக்கிழமை. அலாரம் என் டைம்பீஸில் வைத்திருக்கிறேன்.