மங்கும் ஒளியும் மறைந்த வளியும்

அணுகுண்டுச் சோதனைகள் மறைவாக நடைபெறுகின்றனவா என்று காவல் காப்பதற்காக, வேலா என்னும் துணைக்கோள்களை அமெரிக்கா விண்ணில் செலுத்தியிருந்தது. 1967-ஆம் ஆண்டில் அவை திடீரெனத் தோன்றி மறைந்த காமாக்கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்தன. அது மண்ணுலகில் நிகழ்ந்ததன்று. 1973-இல் இச்செய்தி வெளியாயிற்று. எனினும், அவ்வெடிப்புகள் எத்துணைத் தொலைவில் நிகழ்கின்றன என்பது 1997 வரையில் விளங்கவில்லை. அவ்வாண்டில் பெப்போசாக்ஸ் என்னும் துணைக்கோள் காட்டிய திசையில் தொலைநோக்கியைத் திருப்பியோர், வெடிப்பு அடங்கிய பின்னரும் அங்கே மங்கலான ஒளி எஞ்சியிருக்கக் கண்டனர்.

அப்பின்னொளியே அறிஞர்க்குக் கிடைத்த பெருஞ்செல்வம். சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய விண்மீன் ஒன்று, தன் நடுப்பகுதி நொறுங்கி மடியும்பொழுது, சில நொடிகளுக்கு மேல் நீடிக்கும் வெடிப்பு பெரும்பாலும் உண்டாகின்றது. அத்தகைய விண்மீனுக்கு வாழ்நாள் குறைவு; தான் பிறந்த இடத்தை விட்டு அது நெடுந்தொலைவு செல்வதில்லை. ஆதலின், அதன் ஒளி அவ்விண்மீன் திரளின் வளியை ஊடுருவியே வெளிவருதல் வேண்டும். வழியிலுள்ள ஹைட்ரஜன், கந்தகம், இரும்பு, துத்தநாகம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய நிறங்களை அவ்வொளியினின்றும் கவர்ந்துகொள்கின்றது. நிறமாலையில் தோன்றும் கருங்கோடுகளைக் கொண்டு, எப்பொருள் எவ்வளவு உண்டு என்று கணித்துவிடலாம்.

திரள்களை நேரே நோக்கினால் ஆகாதோ எனின், ஆகாது. நெடுந்தொலைவில் பேரொளி உடையவையே எளிதில் புலப்படும். வளி மிகுந்தும் விண்மீன் குறைந்தும் உள்ள சிறு திரள்கள் இருளில் மறைந்துவிடும். மாடமாளிகைகளை மட்டும் எண்ணி ஓர் ஊரின் குடித்தொகையைக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? குவாசர்களின் ஒளியும் உதவுவதுண்டு. ஆயினும் அவை பின்னே நெடுந்தொலைவில் இருப்பதால், அவ்வொளி பெரும்பாலும் இடைப்பட்ட திரளின் ஓரத்தையே தொட்டுச் செல்லும். வெடிப்போ திரளின் உள்ளிருந்தே விளக்கேற்றுகின்றது.

2009 மார்ச்சு மாதத்து வெடிப்பு ஒன்றின் ஒளி, ஏறத்தாழ 1200 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இரு திரள்களின் வளியைக் கடந்து வந்தது. சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கி அதனை ஆராய்ந்தபொழுது, சூரியனில் உள்ளதினும் மிகுதியான விகிதத்தில் கனத்த தனிமங்கள் அங்கு இருந்தமை தெரிந்தது. அவ்வளவு இளமையிலேயே அத்துணை வளமையா என்று வானியலார் வியந்தனர். அடுத்த மாதமே, அண்டத்திற்கு ஏறத்தாழ 63 கோடி வயதாயிருந்த காலத்து வெடிப்பு ஒன்றும் கண்டறியப்பட்டது.

இம்முறையிலும் குறை இல்லாமலில்லை. கனத்த தனிமங்கள் குறைந்த திரள்களிலேயே இவ்வெடிப்புகள் மிகுதியாக நிகழ்வனபோல் தோன்றுகின்றது. எனவே இவற்றைக் கொண்டு எல்லாத் திரள்களையும் அளந்துவிட இயலாது.

வேறொரு குறையும் கூறப்படுகின்றது. பின்னொளி சில மணி நேரத்திலேயே பெரிதும் மங்கிவிடும். அதனைப் பிடிக்க வேண்டுமாயின், பல திங்கள் முன்னரே வகுத்த பணியை நிறுத்தித் தொலைநோக்கியைத் திருப்புதல் வேண்டும். இரவு முறை பெறக் காத்திருந்த ஆராய்ச்சியாளர்க்கு இஃது இழப்பே. ஆயினும் அவர் நோக்கிய விண்மீன் மறுநாளும் அங்கேயே இருக்கும். பின்னொளியோ ஒருமுறை மங்கினால் மீண்டும் வாராது. ஆகவே, வழிவிடுதலே முறை. சிலியின் தொலைநோக்கி, செய்தி வந்த சில நிமிடங்களில் தானே திரும்பும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. சீனமும் பிரான்சும் இணைந்து 2024 ஜூனில் செலுத்திய சுவோம் துணைக்கோளும் இவ்வெடிப்புகளைத் தேடிச் செய்தி அனுப்பி வருகின்றது.